மிதந்த துணி

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பஸ் நுழையும்போது இடது பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வரும். மஞ்சள் காம்பவுண்டு சுவர், வாசலில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் இளநீர்க்காரர். ஏறக்குறைய ஒரு வருடம் நான் பஸ்ஸில் வலது பக்கம்தான் உட்கார்ந்தேன். இடம் கிடைக்காமல் நிற்க நேர்ந்தால், அந்த ஆஸ்பத்திரி வரும்போது குனிந்து பைக்குள் எதையாவது தேடுவேன். பைக்குள் டிபன் பாக்ஸைத் தவிர ஒன்றும் இருக்காது.

அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்து நான் ஏன் அப்படி ஒளிந்தேன் என்பதைச் சொல்ல, எங்கள் வீட்டுத் தறியிலிருந்து தொடங்க வேண்டும்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு தறித் தெரு. காலையில் எல்லா வீட்டிலும் தறி ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள் இருந்தன. அப்பா அவற்றில் நெய்தது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. காயத்துக்குக் கட்டுகிற துணி. இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இளக்கமாக இருக்கும். வியாபாரி நூல் தருவார். நெய்த துணியைக் கோராவாகவே, அதாவது வெளுக்காமலேயே, எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பார். அதை வெளுத்து, மடித்து, ஆஸ்பத்திரிகளுக்கு விற்பது அவர் வேலை. நாங்கள் நெய்த துணி எந்த ஊரில் யாருடைய காலைச் சுற்றியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. பிறகு டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்தேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் மின்சாரம் போய்த் தறி நின்றிருந்த நேரத்தில் அப்பாவிடம் கேட்டேன். நெய்கிறவர்கள் நாம், வெளுக்கவும் அம்மாவுக்குத் தெரியும், பிறகு ஏன் நாமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொடுக்கக் கூடாது? அப்பா நூல் கண்டைக் கீழே வைத்தார்.

"நான் போய் நின்னா வாட்ச்மேன் கேட்டுலயே நிப்பாட்டிருவான் தாயி. நீ பேசுவியா? நீ பேசுவேன்னா நான் நெய்யுதேன்."

பேசுவேன் என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவின் அக்கா எதிர்வீட்டில் இருந்தார். அத்தைக்கு நான்கு தறிகள், அதனால் வாயும் எங்கள் வீட்டைவிட இரண்டு மடங்கு. விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டார். "டைப்பு படிச்ச புள்ள மஞ்சப் பையில துணிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிப் படி ஏறப் போகுதாக்கும். பாத்துப் போ, ஏட்டி. முழிக்கிற முழியப் பாத்து நோயாளின்னு படுக்க வச்சிரப் போறாக." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

நாங்கள் சாம்பிள் தயாரித்தோம். கோராத் துணியை ஊறவைத்து, காஸ்டிக் சோடா போட்டு அண்டாவில் வேகவைத்தால் நூலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய்விடும். நெய்யும்போது நூல் அறுந்துபோகாமல் இருக்கப் பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலில், போட்ட கஞ்சியும் அதோடு போய்விடும். பிறகு பிளீச்சிங் பவுடர் தண்ணீர். பிறகு அலசி அலசி, கை மரத்துப்போகும்வரை அலசி, மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். அம்மா அதைக் காய்ந்த பின் எடுத்து மடித்து என் கையில் கொடுத்தபோது, அப்போதுதான் கடையிலிருந்து வந்த புது வேட்டி மாதிரி இருந்தது. மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும்போல விறைப்பு. அது நல்ல துணி என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஐயம் இல்லை.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் துணி வாங்கும் பொறுப்பு தலைமை நர்ஸிடம் இருந்தது. எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் சொன்னார்கள். உயரமான அம்மா, கழுத்தில் சின்னச் சிலுவை, மேசை மேல் ஒரு தூசி கிடையாது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்து முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அகலத்தை அளந்தார். தலையை ஆட்டினார். எனக்குள் ஆர்டர் கிடைத்தே விட்டது.

பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பீங்கான் பேசினில் இருந்த தண்ணீரில் போட்டார்.

எங்கள் துணி தண்ணீரின் மேல் உட்கார்ந்தது. நான்கு மூலையும் விறைப்பாக, மழைத்தண்ணீரில் பிள்ளைகள் விடும் காகிதக் கப்பல் மாதிரி. பெரிய சிஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். அது அசையக்கூட இல்லை.

"இது தண்ணியே குடிக்கலியேம்மா" என்றார். "ரத்தத்த எப்படிக் குடிக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏளனமாகவும் சொல்லவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. துணியை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். என்னாச்சு என்று அப்பா கேட்டார். பெரிய டாக்டர் ஊரில் இல்லை என்று சொன்னேன்.

அதுதான் முதல் சாக்கு. முதல் ஒன்றுதான் வாயிலிருந்து வரக் கஷ்டப்பட்டது. மற்றவை தாமாக வந்தன. ஆடிப்பூரத் தேர் நேரத்தில் அந்த ஊருக்குள் போக முடியாது, தேர் முடியட்டும். தீபாவளிக்கு முன்னால் யாரும் புது ஆளிடம் ஆர்டர் தர மாட்டார்கள். மழைக்காலத்தில் துணி காயாது. கோடையில் அலசத் தண்ணீர் கிடையாது. லைசென்ஸ் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் நிஜம். மருத்துவத் துணி விற்க லைசென்ஸ் வேண்டும்தான். ஆனால் அதை எடுப்பதற்காக நான் ஒரு காகிதத்தைக்கூடத் தொடவில்லை. உண்மையான காரணம் என்றால் அது ஆளை எழுப்பி ஒரு வேலையைச் செய்ய வைக்கும். சாக்கு வசதியாக உட்கார வைக்கும். நான் நன்றாக உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே டைப் அடிக்கப் போனேன். நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். எங்கள் தெருவில் என்னைக் கண்டால் பிள்ளைகள் சத்தத்தைக் குறைக்கும் அளவுக்கு மரியாதை. ஆனால் உள்ளே ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் தறி பழசு. எங்கள் தண்ணீர் உப்பு. கூலிக்கு நெய்கிற வீட்டில் நெய்தது அப்படித்தான் இருக்கும், மிதக்கும். படித்துவிட்டால் மட்டும் நீ வேறு ஆள் ஆகிவிடுவாயா? அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்லாமல் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

அம்மா மட்டும் அவ்வப்போது கேட்பார். டாக்டர் வந்துட்டாகளா? இன்னும் இல்லை என்பேன். அத்தை கேட்க மாட்டார். வாசலில் உட்கார்ந்தபடி, "பேண்டேஜ் கம்பெனி பஸ்ஸுக்குப் போகுது, வழி விடுங்க" என்று தெருவுக்குச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கையில் அடிபட்டது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டை தெறித்துக் கட்டை விரல் நகத்தைப் பிளந்துவிட்டது. அம்மா மாடத்திலிருந்து டிங்சர் அயோடின் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கட்டுவதற்குத் துணி தேடியவர், பரணில் நான் ஒளித்து வைத்திருந்த அந்தச் சாம்பிளை இழுத்து ஒரு துண்டு கிழித்தார். டிங்சரைத் தாராளமாக ஊற்றி விரலைச் சுற்றினார்.

துணி நீலமானது. எங்கெங்கே டிங்சர் பட்டதோ அங்கெல்லாம் பேனா மை கொட்டியதுபோல் கருநீலம்.

அம்மா பயந்துபோனார். மருந்து கெட்டுவிட்டது என்றார். அப்பா விரலை முகத்துக்கு நேரே பிடித்து, விஷம் ஏறுகிறதோ என்று பார்த்தார். எனக்கு மட்டும் பள்ளிக்கூட லேப் கண்முன் வந்தது. சோதனைக் குழாயில் சோற்றுக் கஞ்சி. அதில் ஒரு சொட்டு அயோடின். பழுப்பு நிறத்தில் விழுந்து நீலமாக மாறுவதை எட்டிப் பார்த்த எங்கள் முகங்கள். ஸ்டார்ச் இருந்தால் நீலம். இல்லையென்றால் பழுப்பு பழுப்பாகவே இருக்கும். தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

"எம்மா, இந்தத் துணிக்குக் கஞ்சி போட்டியா?"

"பின்ன?" என்றார் அம்மா. கேட்டதே தப்பு என்கிற பார்வை. "வெளுத்து அலசி முடிச்ச பொறவு, சோறு வடிச்ச கஞ்சிய வடிகட்டி ஒரு முக்கு முக்கி எடுத்தேன். உங்கய்யா கட்டுத வேட்டிக்கே கஞ்சி போடுதேன். டாக்டருமாருக்குக் குடுக்கப் போற துணி, அத நனைஞ்ச கோழி கணக்காவா குடுத்து விடுவேன்?"

எங்கள் ஊரில் வெள்ளைத் துணிக்கு மரியாதை என்றால் கஞ்சிதான். கல்யாணத்துக்குப் போகும் வேட்டி, கோயிலுக்குப் போகும் சேலை, பெரிய மனிதர் தோளில் கிடக்கும் துண்டு எல்லாம் மொடமொடப்பாக இருக்க வேண்டும். அம்மா அந்தத் துணிக்குத் தன்னால் முடிந்த உயர்ந்த மரியாதையைச் செய்திருந்தார். இழைகளின் மேல் கஞ்சி படிந்து உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? தறியில் குறை இல்லை. தண்ணீரில் குறை இல்லை. கூலி வீட்டுத் துணி என்பதாலும் இல்லை. ஒரு பானைக் கஞ்சிக்காக ஒரு வருடம் என்னை நானே தாழ்த்திக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் ஊரில்தான் இருந்தார் என்றும், அவரைப் பார்க்கவே இல்லை என்றும், துணி மிதந்தது என்றும். அப்பா கட்டுப் போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு மனுசன் வருசம் பூராவா ஊருக்கு வராம இருப்பாருன்னு எனக்கும் ஒரு ரோசனதான் தாயி."

மறுபடியும் வெளுத்தோம். இந்தமுறை முடிவில் கஞ்சி இல்லை. காய்ந்த துணி தொளதொளவென்று, பார்க்க ஏழைத் துணி மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அதைத் தொடவே மனமில்லை. பித்தளைச் சருவத்தில் தண்ணீர் எடுத்து வந்து ஒரு துண்டைப் போட்டேன். ஒரு மூச்சுக்குள் நனைந்து, கனத்து, அடியில் போய்ப் படுத்தது. இன்னொரு துண்டில் ஒரு சொட்டு டிங்சர் விட்டேன். பழுப்பாகவே நின்றது. அப்பா சிறுபிள்ளை மாதிரி மேலும் மேலும் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டார். ஒவ்வொன்றும் மூழ்கியது.

இத்தனைக்குப் பிறகு நான் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், சாக்குகளை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அவற்றுக்குக் காரணம் தேவையில்லை, பழக்கம் போதும். லைசென்ஸுக்கு மனு போட்டேன், அது நிஜம். வக்கீல் ஆபீசில் ஊரார் மனுக்களையெல்லாம் அடித்த விரல்கள் முதல்முறையாக என் மனுவை அடித்தன. அதற்காக மதுரையில் இருந்த மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். பின்கட்டைச் சிமெண்ட் பூசித் துணி வைக்கத் தனி அறையாக்கினோம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பெரிய சிஸ்டரிடம் மட்டும் போகவில்லை. லைசென்ஸ் கைக்கு வரட்டும், பிறகு சாம்பிள் காட்டலாம் என்று சொன்னேன். ஆடி கழியட்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் "ஓ, மிதக்குற துணியா" என்று கேட்டுவிடுவார் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

அம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, துணி எறங்கிருச்சு. இன்னும் எறங்காம நிக்கது நீ மட்டுந்தான்."

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னேன். புறப்படும்போது பார்த்தால் அம்மாவும் வாசலில் நிற்கிறார், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட நூல் சேலையில். எங்கே என்று கேட்டேன். "கஞ்சி போட்டவ நானுல்ல. அந்தம்மா கேட்டா நாந்தான சொல்லணும். வாரேன், நட" என்றார்.

பஸ்ஸில் அம்மா இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். "போன வருசம் வந்த புள்ளதான நீ? ஏன் மிதக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டியே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"கஞ்சி போட்டது நாந்தாம்மா. மொடமொடன்னு இருக்கட்டுமேன்னு."

பெரிய சிஸ்டர் அம்மாவின் சேலையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து இரண்டு நர்ஸுகள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒரு வருடம் ஒளிந்தேன். இப்போது அதை நேருக்கு நேர் பார்த்தபோது, நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதே பேசின், அதே கத்தரிக்கோல். துண்டு அவர் விரலை விட்டுப் பிரிந்ததுதான் தெரியும், தண்ணீர் அதை உள்ளே வாங்கிக்கொண்டது. அவர் இன்னொரு துண்டு வெட்டினார். துணியின் மறுமுனையிலிருந்து. அதுவும் இறங்கியது. என் பையில் இருந்த டிங்சர் பாட்டிலை எடுத்து மூன்றாவது துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். ஒவ்வொரு சுருள் துணியையும் இப்படிப் பார்த்துத்தான் அனுப்புவோம் என்றேன். அந்த யோசனை அந்த நிமிடம்தான் எனக்கு வந்தது. ஆனால் ரொம்ப நாளாக இருந்த வழக்கம்போலச் சொன்னேன்.

"லைசென்ஸ்?" என்றார்.

மனு போட்டிருப்பதையும் இன்ஸ்பெக்டர் வந்து போனதையும் சொன்னேன். நம்பர் வந்ததும் துணியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மாதம் எவ்வளவு தேவை என்பதையும் சொன்னார். எங்கள் இரண்டு தறிகள் நிற்காமல் ஓடினாலும் அதில் பாதிதான் வரும்.

கேட்டுச் சொல்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. வருடம் முழுக்கப் பழகிய நாக்கு. யாரைக் கேட்டுச் சொல்வது? கேட்க வேண்டிய ஆளான நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"தாரேன் சிஸ்டர்" என்றேன். வக்கீல் ஆபீஸ் தமிழெல்லாம் மறந்து எங்கள் தெருத் தமிழ்தான் வந்தது. அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வரும்வரை அம்மா பொறுத்திருந்தார். "ரெண்டு தறிய வச்சுக்கிட்டு அம்புட்டுத் துணிக்கு எங்கட்டி போவ? வானத்துல இருந்தா விழும்?" என்றார். எதிர்வீட்டிலிருந்து விழும் என்றேன். அத்தை வீட்டில் நான்கு தறியில் இரண்டு, வியாபாரி நூலைக் குறைத்ததிலிருந்து சும்மாதான் நின்றன. அம்மா இளநீர் வாங்கித் தரச் சொன்னார். அன்று பால்கோவாவும் வாங்கினோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், அவர் கேட்காமலே, எங்கள் துணி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று அம்மா ராஜபாளையம்வரை விளக்கிக்கொண்டு வந்தார்.

லைசென்ஸ் வந்த அன்று நான் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை முற்றத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பேண்டேஜ் கம்பெனி வீடு தேடி வந்திருக்கு?"

"நிக்கிற ரெண்டு தறியையும் எனக்கு ஓட்டித் தரணும் அத்தை."

"கூலி யாரு குடுப்பா? உங்கய்யாவா?"

"நான் குடுப்பேன்."

அத்தை நூலைக் கீழே வைத்தார். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில், வியாபாரி தருகிற கூலியா, அதற்கு மேலா என்று கேட்டார். மேல்தான் என்றேன். நூல் யார் போடுவது, சனிக்கிழமை தவறாமல் கூலி வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் ஒரு முதலாளியிடம் கேட்கிற கேள்விகள். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அவற்றைக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"சரிட்டி" என்றார் கடைசியில். "கஞ்சி போடாமத் தரணும், அதான?"

அம்மா விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். பாவுக்கு நீங்கள் போடுகிற கஞ்சியைப் போடுங்கள், அது வேகவைக்கும்போது போய்விடும், கடைசியில் அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து அம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

முதல் லோடு பஸ் மேல்தான் போனது. அப்பாவும் கண்டக்டரும் சேர்ந்து மூட்டைகளை ஏற்றிக் கட்டினார்கள். அத்தை பஸ் ஸ்டாண்டுவரை வந்திருந்தார், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க. துணியில் பாதி அவர் தறியில் நெய்தது. வக்கீல் ஆபீசில் அந்த மாதத்தோடு நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

நான் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். மலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் சுவரும் வேப்பமரமும் தெரிந்ததும், பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து, இறங்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.